சம்பந்தம் என்ற கட்டம்

உள்விளையாட்டு அரங்கம்
படுக்கை 19
அக்டோபர் 12, திங்கள்

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா எழுதிக்கொள்வது. நான் பிழைத்துக் கிடக்கிறேன். நீங்களும் சளி, இருமல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும். இங்கே போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டு, நாளுக்கு அரை மணி நேரம் கையில் தருகிறார்கள். அந்த அரை மணியில் உங்களை ஏழு தடவை கூப்பிட்டேன். கடையில் வேலை மும்முரமாக இருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அதனால் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற பஸ் கண்டக்டரம்மாவிடம் காகிதம் வாங்கி எழுதுகிறேன். அஞ்சாவது தாண்டாத கையெழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்டிலுக்கு நேர் மேலே கூடைப்பந்து வளையம் தொங்குகிறது. கண்ணை மூடினால் தலையில் பந்து விழுமோ என்று இருக்கிறது. பெண்கள் பக்கம் இருபத்து மூன்று பேர். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடுப்பு. யார் டாக்டர், யார் நர்ஸ் என்று முதுகில் பேனாவால் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெருக்க வருகிறவரை மட்டும் நான் எழுத்தில்லாமலே கண்டுபிடித்துவிட்டேன். மூலையில் துடைப்பத்தைத் திருப்பாமல் போகிறார். முப்பத்தோரு வருஷம் நகரமன்றத்தைப் பெருக்கியவள் கண்ணுக்கு அது தப்புமா.

நேற்று சாயந்திரம் ஒரு கூத்து. வாசல் காவலாளி ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார். நம் நகரத் தலைவர் பேசினார். வேலைக்காரர்கள் நாங்கள் சிரிச்சமுகம் என்று சொல்வோமே, அவர்தான். நகரத்தில் ஒருவருக்குக்கூட அந்தக் காய்ச்சல் கிடையாது, பீதியைக் கிளப்புகிறவர்கள் மேல் நடவடிக்கை பாயும் என்றார். கண்டக்டரம்மா எழுந்து உட்கார்ந்து, “அப்ப நாம யாரு, பந்து பொறுக்க வந்தவங்களா?” என்றார். இருபத்து மூன்று பேரும் சிரித்தோம். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடி வரும்படி ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஒரு அதிகாரிப் பெண் படிவத்தோடு வந்தார். “கடைசி பதினாலு நாள்ல எங்கெங்க போனீங்க, யார் யாரைப் பார்த்தீங்க, ஏதாவது ஞாபகம் இருக்காம்மா?” என்று கேட்டார். யாரைப் பார்த்து என்ன கேள்வி. எந்தத் தேதி, எந்தக் கிழமை, எந்த வாசல் வழியாகப் போனேன், யார் இடதுகையால் கதவைத் திறந்தார்கள் என்பது வரை சொன்னேன். “மெதுவாம்மா, மெதுவாம்மா” என்று மூன்று தடவை கெஞ்சிவிட்டார். உங்கள் கடையும் அதில் வந்தது. இருபத்தெட்டாம் தேதி நகரமன்றத்து மேசைத்துணிகளைப் போட வந்தேன், ஒன்றாம் தேதி வெளுத்ததை எடுக்க வந்தேன். சொல்லாமல் இருக்க முடியாது. யாராவது வந்து விசாரித்தால் பதற வேண்டாம். சும்மா கேட்டுவிட்டுப் போவார்கள்.

பேத்தி போனில் பேசினாளா? உங்களை அவள் சலவைக்கடைப் பாட்டி என்றும் என்னை ஹால் பாட்டி என்றும்தான் சொல்கிறாளாம். மருமகள் சொன்னாள். உங்களுக்குக் கடை இருக்கிறது. எனக்கு ஹால் சொந்தமா என்ன. இருந்தாலும் குழந்தை சொன்னால் அழகுதான்.

இஸ்திரிக்கார அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


சலவைக்கடை
அக்டோபர் 17, சனி

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. தபால்காரர் தெருமுனையில் நின்று விசில் ஊதிவிட்டு, கடிதத்தை எங்கள் வாசலில் கட்டியிருக்கிற கயிற்றுக்கு இந்தப்புறம் வீசிவிட்டுப் போனார். இஸ்திரிப் பெட்டியை நல்ல சூட்டில் வைத்து இரண்டு பக்கமும் தேய்த்த பிறகுதான் பிரித்தேன். உங்கள் உடம்பு தேறி வருவது சந்தோஷம்.

சும்மா கேட்டுவிட்டுப் போவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். செவ்வாய்க்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஷட்டரை இறக்கச் சொல்லி, அதன் மேல் ஒரு மஞ்சள் தாளை ஒட்டினார்கள். ‘நோய்ச் சம்பந்தம் உள்ள இடம்’ என்று அதில் அச்சடித்திருக்கிறது. வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, “மேலிடத்துல சொல்வாங்க” என்றார்கள்.

மறுநாள் மேலிடம் சொல்லியது, ரேடியோவில். உங்கள் சிரிச்சமுகம்தான். ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்குக்கூட இல்லை என்றவர், புதன்கிழமை நோய் எங்கிருந்து வந்தது என்றே கண்டுபிடித்துவிட்டார். நகரமன்ற ஊழியர் ஒருவருக்கு ஒரு தனியார் சலவைக்கடையிலிருந்து தொற்றியிருக்கிறது, சம்பந்தம் உறுதியாகிவிட்டது, இடத்தை அடைத்துவிட்டோம், ஆகவே மக்கள் அஞ்ச வேண்டாம், புதிய சந்தைக் கட்டடத்தின் திறப்பு விழா சொன்ன தேதியில் நடக்கும் என்றார். இந்த ஊரில் சலவைக்கடை எத்தனை என்று உங்களுக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைக்காரரின் வெள்ளைக் கோட்டை நான் பதினாலு வருஷமாக வெளுக்கிறேன். அவர் கொடியிலிருந்த கோட்டை ஒரு கம்பால் எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் வைத்துக் கொளுத்தினார். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை போனில் மரியாதையாகத்தான் பேசினார். “துணியெல்லாம் நீங்களே வச்சுக்குங்கம்மா” என்றார். எண்பத்து நாலு பேருடைய துணி சீட்டுக் குத்தித் தொங்குகிறது. கேட்டு ஒருவர் வரவில்லை.

நேற்றிலிருந்து இஸ்திரிக்கார அண்ணனுக்குக் காய்ச்சல். ஆம்புலன்சைக் கூப்பிட்டோம். வேலை செய்யும் இடம் எது என்று கேட்டார்கள். சொன்னேன். திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னவர்கள் இன்னும் கூப்பிடவில்லை.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நீங்கள் அவர்களிடம் என்ன சொன்னீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


உள்விளையாட்டு அரங்கம்
அக்டோபர் 21, புதன்

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அது இப்படி நம் வாசலிலேயே வந்து நிற்கும் என்று யார் கண்டது. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். ஒரு சொல் கூட்டிக் குறைக்க மாட்டேன்.

அந்தப் படிவத்தில் ‘சம்பந்தம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. உங்கள் கடையைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பெண், “அந்தச் சலவைக்கடைக்கும் உங்களுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று கேட்டார்.

“சம்பந்திதாம்மா” என்றேன்.

“சம்பந்தம் உண்டுங்கிறீங்க.”

“உண்டில்லாம? என் மகனுக்குப் பொண்ணு குடுத்தவங்க.”

அவர் பாதியைத்தான் கேட்டார். கட்டத்தில் ‘உண்டு’ என்று எழுதிக்கொண்டார். அந்தக் கட்டம் உறவைக் கேட்கிற கட்டம் இல்லையாம், நோய் எங்கிருந்து ஒட்டியது என்று கேட்கிற கட்டமாம். இப்படி ஒரு சொல்லை இரண்டு வேலைக்கு வைத்தால் என்னைப் போன்றவள் எங்கே போவாள்.

நகரமன்றத்தில் நடந்த விருந்தையும் சொன்னேன். செப்டம்பர் இருபத்தாறு, சனிக்கிழமை. வெளியூரிலிருந்து சந்தைக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தவர்கள் வந்திருந்தார்கள். தலைமேசையில் ஒருவர் தட்டில் கை வைப்பதும் இருமுவதுமாக இருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. வாயைத் துடைத்து மேசைத்துணியிலேயே கையைத் துடைத்தார். சிரிச்சமுகம் அவரிடம் குனிந்து, “ஏசி ஒத்துக்கல போல” என்று சிரித்தது. மறுநாள் அந்தத் துணிகளைச் சுருட்டினது நான். திங்கட்கிழமை மூட்டை கட்டி உங்கள் கடைக்குச் சுமந்து வந்ததும் நான். அவிழ்த்தது இஸ்திரிக்கார அண்ணன். இந்தச் சனியன் எங்கள் ஹாலிலிருந்து உங்கள் கடைக்கு வந்ததே தவிர, உங்கள் கடையிலிருந்து எங்களுக்கு வரவில்லை.

இதைச் சொன்னதற்கு அந்தப் பெண், “அது அரசு நிகழ்ச்சிம்மா, அதுக்குத் தனிப் படிவம். அது என்கிட்ட இல்ல” என்று பேனாவை மூடிவிட்டார்.

சனிக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வெளியே வந்ததும் போய்ப் பேசுகிறேன். அண்ணனுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். நல்ல மனுஷன். மூட்டையை என் தலையிலிருந்து இறக்கும்போது, “மந்திரி வீட்டுத் துணியா, மணக்குதே” என்று கேலி பண்ணினார்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


சலவைக்கடை
அக்டோபர் 29, வியாழன்

சம்பந்தியம்மாவுக்கு,

இஸ்திரிக்கார அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்துபோனார்.

நாலு நாள் ஆம்புலன்ஸ் வரவில்லை. நாலாவது நாள் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், துணி தள்ளும் வண்டியில் அவரைப் படுக்க வைத்து, அவர் மனைவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனோம். கயிற்றை நான்தான் அறுத்தேன். அதற்கு என் மேல் வழக்கு இருக்கிறது. தெருவில் ஜன்னல்கள் திறந்தன, மூடின. பக்கத்து ஆஸ்பத்திரிக் காவலாளி வண்டியின் பக்கவாட்டில் கடைப் பெயர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு கேட்டைச் சாத்தினார். அந்த எழுத்தைப் போன வருஷம்தான் புதுப் பெயின்ட் அடித்து எழுதினோம். பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளினோம். அங்கே எடுத்துக்கொண்டார்கள். “நேத்தே கொண்டு வந்திருக்கக் கூடாதா?” என்று ஒரு டாக்டர் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு என்ன தெரியும்.

நீங்கள் எழுதியதை நம்பினேன். நம்பிக்கொண்டுதான் செவ்வாய்க்கிழமை படிவம் எழுதிய அந்த அதிகாரிக்குப் போன் செய்து, சம்பந்தம் என்ற சொல்லைத் தப்பாக எடுத்துக்கொண்டீர்கள், அது கல்யாணச் சம்பந்தம் என்று வாதாடினேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. படிவத்தைப் படம் எடுத்து என் போனுக்கு அனுப்பினார்.

அந்தக் கட்டத்தில் ‘உண்டு’ என்று இல்லை. ‘நோய்ச் சம்பந்தம்: சலவைக்கடை. அங்கிருந்து பெறப்பட்ட துணி மூலம்’ என்று முழுதாக எழுதியிருக்கிறது. கீழே, ‘படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்கிறேன்’ என்று இருக்கிறது. அதன் கீழே உங்கள் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் தள்ளித் தள்ளித் தனியாக வைக்கிற உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா. என் பெண்ணின் கல்யாணப் பதிவில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது அது.

ஒரு சொல் கூட்டிக் குறைக்க மாட்டேன் என்று எழுதினீர்களே. படித்துக் காட்டினார்களா, இல்லையா?

சலவைக்கடையிலிருந்து


வீடு
நவம்பர் 2, திங்கள்

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

படித்துக் காட்டினார்கள்.

போன கடிதத்தில் நடந்ததைத்தான் எழுதினேன். முக்கால்வாசியோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சக் கால்வாசி இது.

அந்தப் பெண் ‘உண்டு’ என்று எழுதிப் பேனாவை மூடிவிட்டார் என்றேனே, அது மட்டும் பொய். முழுதாக எழுதி முடித்து, வரி வரியாக விரல் வைத்து எனக்குப் படித்தார். அந்தக் கட்டம் வந்ததும், “நோய்ச் சம்பந்தம், சலவைக்கடை, அங்கேருந்து வாங்கின துணி மூலமா. சரிதானேம்மா?” என்றார். தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இல்லம்மா, துணி எங்ககிட்டேருந்துதான் அங்க போச்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

திறந்த வாய்க்குள் உங்கள் குரல் வந்தது.

பதினோரு வருஷத்துக்கு முந்தி, ஜூன் பதினாலு, ஞாயிற்றுக்கிழமை. நம் பிள்ளைகளின் கல்யாணம். நான் பெருக்குகிற அதே நகரமன்றத்து ஹாலில், என் மகன் கல்யாணத்துக்கு நான் புது உடுப்பு உடுத்தி நின்றேன். மேடைக்கு முன்னால் யாரோ பழச்சாற்றுக் கிளாஸைப் போட்டு உடைத்தார்கள். குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. கைப்பழக்கம், போய்த் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினேன். முத்துமாலை போட்ட உங்கள் உயரமான சினேகிதி உங்களிடம், “இந்த அம்மா இங்க வேலை செய்யறவங்களா?” என்று கேட்டார். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நன்றாகத்தான் பார்த்தீர்கள். “ஆமா” என்றீர்கள்.

அது பொய்யில்லை. நான் அங்கே வேலை செய்கிறவள்தான். அதனால்தான் இத்தனை வருஷம் யாரிடமும் போய் முறையிட முடியவில்லை. மகனிடம் சொன்னால், “உண்மையைத்தானேம்மா சொன்னாங்க” என்பான். ஆனால் என் சம்பந்தி என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் எனக்கு எவ்வளவோ செய்தீர்கள். என் கால் உடைந்தபோது இருபது நாள் சாப்பாடு அனுப்பினீர்கள். அதையும் நான் மறக்கவில்லை. ஒன்று வந்து இன்னொன்றை அழிக்கிற மாதிரி எனக்கு மனசு இல்லை. எல்லாம் அப்படியப்படியே கிடக்கும்.

அந்தப் பெண் மறுபடியும், “சரிதானேம்மா?” என்றார். நான், “ஆமா” என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு நாள் கடையை மூடுவார்கள், நாலு பேர் உங்களைக் கேள்வி கேட்பார்கள், நீங்கள் கொஞ்சம் தலை குனிவீர்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இனிப்பாக இருந்தது. அண்ணன் இதில் வருவார் என்று சத்தியமாக நினைக்கவில்லை. மூட்டையை இறக்கிக்கொண்ட கை அவருடையது என்று தெரிந்திருந்தும் நினைக்கவில்லை.

போய் மாற்றுகிறேன். மன்னிக்கச் சொல்லி இப்போது கேட்க எனக்கு வாய் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


வீடு
நவம்பர் 16, திங்கள்

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. போட வேண்டும் என்றும் இல்லை. நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

மூன்றாம் தேதி அந்த அதிகாரிப் பெண்ணிடம் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார். படிவம் மேலே போய்விட்டதாம், போன படிவம் திரும்பி வராதாம். வேண்டுமானால் ‘இணைப்புத் தாள்’ என்று ஒன்று எழுதித் தரலாமாம். என் கையாலேயே எழுதினேன். எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. துணி எங்கிருந்து எங்கே போனது, படித்துக் காட்டியபோது நான் ஏன் ஆமா என்றேன், எல்லாம் எழுதினேன். அவர் வாங்கிப் படித்தார். “ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?” என்று கேட்டார். இதுவும் மேலே போகும் என்று சொல்லி வைத்துக்கொண்டார்.

மேலே போனால் என்ன ஆகும் என்று முப்பத்தோரு வருஷம் மேலே பெருக்கியவளுக்குத் தெரியும். மேசைக்கு அடியில் விழுந்த தாளை எத்தனை தடவை எடுத்து வைத்திருக்கிறேன். அதனால் தலைவரின் செயலாளர் கூப்பிட்டு, சந்தைத் திறப்பு விழாவில் நோயை வென்ற முதல் ஊழியர் என்று எனக்குப் பாராட்டுப் பத்திரம் தரப்போவதாகச் சொன்னபோது, வருகிறேன் என்றேன். “ரெண்டு வார்த்தை பேசுவீங்களாம்மா? தலைவர் உங்களை நல்லாப் பார்த்துக்கிட்டார்னு சொன்னாப் போதும்” என்றார். பேசுகிறேன் என்றேன்.

பதினாலாம் தேதி, சனிக்கிழமை. காய்ச்சல் ஊரெல்லாம் பரவிக் கிடக்கிறது, ஆனாலும் நாற்காலிகளை இரண்டடி தள்ளித் தள்ளிப் போட்டு விழா. மேடையில் இருந்தவர்கள் மட்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சிரிச்சமுகம் கையுறை போட்ட கையால் பத்திரத்தைக் கொடுத்தார், படம் எடுத்தார்கள், மைக்கை என் முன்னால் வைத்தார்கள். நான் சொன்னது இதுதான்:

“நான் நகரமன்றத்தைப் பெருக்குறவ. காய்ச்சல் சலவைக்கடையிலேருந்து வரல. செப்டம்பர் இருபத்தாறாம் தேதி இவங்க வச்ச விருந்துல, தலைமேசையில ஒருத்தர் இருமினார். இவரும் பார்த்தார். அந்த மேசைத்துணியச் சலவைக்குச் சுமந்துட்டுப் போனது நான்தான். சலவைக்கடை அம்மா ஒரு தப்பும் பண்ணல. என்னைக் கேட்டப்போ நான் தெரிஞ்சே…”

அதோடு மைக் செத்துவிட்டது. நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன். தெரிஞ்சே பொய்க்கு ஆமா போட்டேன், அதனால ஒரு மனுஷன் போயிட்டார் என்று முழுதாகச் சொன்னேன். முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. அதற்குள் ஒரே கூச்சல். பாதிப் பேர் கை தட்டினார்கள். பாதிப் பேர் எதிர்க்கட்சிக்காரி என்று கத்தினார்கள்.

மறுநாள் காலையில் எதிர்க்கட்சிப் பெரிய மனுஷன் படக்காரரோடு என் வாசலில் வந்து நின்றார். தொண்டை கிழியப் பேசுவாரே, அவர். “உண்மைக்காக உயிரைப் பணயம் வச்ச தாய்” என்று என் தோளில் கை போட வந்தார்.

“தள்ளி நில்லுங்க. அன்னைக்கு மூணாவது நாற்காலியில உட்கார்ந்து சாப்பிட்டது நீங்கதானே. இருமினவருக்கு முதுகத் தட்டிவிட்டதும் நீங்கதான்” என்றேன்.

படக்காரர் சிரித்துவிட்டார். “அம்மாவுக்கு இன்னும் காய்ச்சல் சரியா விடல போல” என்று சொல்லிவிட்டுப் பெரிய மனுஷன் வண்டியில் ஏறினார். ஆனாலும் படம் பத்திரிகையில் வந்துவிட்டது. தெருவில் போனால் கும்பிடுகிறார்கள். கண்டக்டரம்மா போன் செய்து, “நீங்க பெரிய ஆளும்மா” என்கிறார். வேலைக்கு வர வேண்டாம், வீட்டில் ஓய்வெடுங்கள் என்று தாள் வந்துவிட்டது. அது எனக்குப் பெரிசில்லை. என் குற்றத்தைச் சொல்வதற்கு ஒரு மூச்சு முன்னால் மைக்கை அணைத்துவிட்டார்களே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. இப்போது ஊருக்கு நான் உண்மை பேசினவள்.

இணைப்புத் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


சலவைக்கடை
நவம்பர் 24, செவ்வாய்

சம்பந்தியம்மாவுக்கு,

வியாழக்கிழமை மஞ்சள் தாளைச் சுரண்டி எடுத்தார்கள். பசை இன்னும் ஷட்டரில் இருக்கிறது. வெந்நீர் ஊற்றியும் போகவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து ஆட்கள் வந்து துணியைக் கேட்கிறார்கள். கொடுக்கிறேன். மருந்துக்கடைக்காரர் வந்து, “எங்களுக்கு அப்பவே தெரியும்மா, உங்க மேல தப்பிருக்காதுன்னு” என்றார். இன்னொரு கோட்டும் போட்டுவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டேன். இந்தத் தெருவில்தான் நான் இருந்தாக வேண்டும்.

நகலைப் படித்தேன். கல்யாணத்தன்று நான் சொன்னதாக நீங்கள் எழுதிய அந்த ‘ஆமா’ எனக்கு ஞாபகம் இல்லை. மூன்று வாரமாக யோசிக்கிறேன், வரவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அன்றைக்கு இருந்த நான் அப்படிச் சொல்லக்கூடியவள்தான். அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஞாபகமே இல்லாத ஒன்றுக்காக நீங்கள் பதினோரு வருஷம் வலித்துக்கொண்டிருந்தீர்கள் என்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் எனக்குச் செய்ததை நான் விட்டுவிடலாம். கடை திறந்துவிட்டது. வழக்கும் போய்விடும் என்கிறார்கள். ஆனால் இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அந்தக் கணக்கில் மன்னிக்க நான் யார்.

ஒன்று சொல்ல வேண்டும். அண்ணனின் மனைவி நேற்று வந்தார். பத்திரிகையில் வந்த உங்கள் படத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறார். “ஊர்ல ஒருத்தர்கூட வாயத் திறக்கலக்கா, அந்த அம்மா மட்டும்தான் பேசினாங்க. எங்க வீட்டுக்காரர் பேர்ல இருந்த பழியத் துடைச்சாங்க. அவங்க வீடு எங்க? கையப் பிடிச்சு ஒரு நன்றி சொல்லணும்” என்றார்.

நான் விலாசம் கொடுக்கவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது என் வாய் இல்லை. அவர் வீடு பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இரண்டாவது சந்தில், பச்சைக் கதவு.

பிள்ளைகளிடம் நான் எதையும் சொல்லப்போவதில்லை. பேத்தியோடு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் பேசுகிறேன். நீங்கள் பதினொன்றுக்குப் பேசுங்கள். இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

சலவைக்கடையிலிருந்து


வீடு
நவம்பர் 30, திங்கள்

சம்பந்தியம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். விலாசம் கொடுத்தவருக்கு, போனேனா என்று தெரிய வேண்டும்.

மூன்று நாள் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பினேன். நேற்று போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும், “மைக்குல பேசின அம்மாதானே” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். யாரையும் தொடக் கூடாது என்கிற காலத்தில் பிடித்துக்கொண்டார். உள்ளே கூட்டிக்கொண்டு போய், இருந்த ஒரே நாற்காலியில் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். சுவரில் ஆணியில் அண்ணனுடைய சட்டைகள் மூன்று. மடிப்புக் கலையாமல் அவரே தேய்த்து மாட்டியது.

தண்ணீரைக் குடிக்கவில்லை. குடித்தால் சொல்ல முடியாமல் போகும் என்று பட்டது.

“நான்தான்மா அந்தப் படிவத்துல ஆமான்னு சொன்னவ” என்றேன்.

“எந்தப் படிவம்?”

சொன்னேன். அரங்கத்துக் கட்டில், அந்தப் பெண் விரல் வைத்துப் படித்தது, நான் தெரிந்தே சொன்னது, உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம், எல்லாம் சொன்னேன். கோபத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டார். கிளாஸ் உடைந்த கதையைச் சொன்னேன். அதை அந்த வீட்டில் நின்று சொல்லும்போது அது எவ்வளவு சின்னதாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. நாற்காலியிலிருந்து எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம். என் கையிலிருந்த கிளாஸை வாங்கினார். தொட்டியில் தண்ணீரைக் கொட்டி, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நான் போகட்டுமா என்று கேட்டேன்.

“நாளன்னைக்கு என் பொண்ணு வர்றா” என்றார், திரும்பாமலே. “எங்கப்பாவுக்கு ஏன் ஆம்புலன்ஸ் வரலன்னு என்னைத்தான் கேட்டுட்டு இருக்கா. நான் சரியாக் கூப்பிடலையாம். நீங்க வந்து அவ முன்னாடி ஒரு தடவை சொல்லுங்க. எனக்குச் சொன்ன மாதிரியே, ஒண்ணு விடாம.”

வருகிறேன் என்றேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அம்மா